குடும்பத் தலைவர் எண்ட கட்டத்துல ஆர்ட பேர எழுதுற?

9 மே 2024 | ஒரு வாசகர்ட கேள்வி

சமூகவியல் முதலாம் வருசம் படிக்கிறன். பண்பாடு, பண்பாட்டுப் பக்கச்சார்பு எண்டு ரெண்டு அலகு போகுது. எனக்கு விளங்கின அளவுக்கு இது வெள்ளைக்காரன் மத்த ஆக்கள காட்டுமிராண்டி எண்டு சொன்ன கதை. நம்மட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லத்தானே? சொந்த ஊர்ல இருந்து உதாரணம் எழுதச் சொல்லி இருக்காங்க, யோசிச்சி யோசிச்சிப் பாத்தன், ஒண்டும் வருதில்ல. ஆராவது சொல்லுங்க.

9 மே 2024, இரவு 10.40

இல்லையா? தம்பி நீ மட்டக்களப்பான்தானா? பாயோட ஒட்டுற கதைய ஒரு நாளும் கேக்கலயா?

நான் கொழும்புல ரெண்டு வருசம் வேலை செஞ்ச நான். ரூம்ல இருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன் நான் ஊர் பேர் சொன்ன உடனே தன்ட பாயச் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டுச் சிரிச்சான். மட்டக்களப்பான் மந்திரம் போட்டு பாயோட ஒட்டிப்போடுவான் எண்ட பகிடி. நானும் சிரிச்சன், பதிலுக்கு அவன ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டன், பனங்கொட்டையில தொடங்கும், மிச்சம் உனக்கே தெரியும். ரெண்டு பேரும் நல்ல கூட்டாளிகள், ஆனா ரெண்டு வருசமும் அந்த ரெண்டு பகிடியும் நிக்கவே இல்ல.

அந்தப் பாய்க் கதைக்குப் பின்னால இருக்கிறது மந்திரம் இல்ல, கலியாணம். இங்க கட்டினா மாப்பிள்ளை பொம்புளட வீட்டுக்குப் போய் இருக்கிற. வீடு அவட, கன இடத்துல வயலும் அவட பேர்லதான் வரும். உத்தியோகத்துக்கு எண்டு வந்த ஒருத்தன் இங்க கட்டிக்கிட்டா அவன் திரும்பிப் போறது குறைவு. மகன் மருமகள்ட வீட்டுல குந்திட்டான் எண்டு அங்க இருக்கிற தாய்க்குச் சொல்ல வெக்கம், வசியம் செஞ்சிட்டாங்க எண்டா மானம் தப்பும்.

வெளியூர் ஆக்கள விடு, நம்மளப் பாரு. நான் கல்லடி, எழுவான்கரை. ஆத்துக்கு அங்கால படுவான்கரை. சூரியன் எழும்புற பக்கம், படுற பக்கம், பேர்ல அதுக்கு மேல ஒண்டும் இல்ல. ஆனா சின்னனில எங்களுக்கு படுவான்கரையான் எண்டா திசை இல்ல, ஏச்சு. 2010ல நான் கட்டினது கொக்கட்டிச்சோலையில. அப்ப மண்முனையில பாலம் இல்ல, பாதையில ஏறித்தான் அக்கரைக்குப் போகோணும் (வெளியூர் ஆக்களுக்குச் சொல்றன், பாதை எண்டா ரோட்டு இல்ல, ஆளையும் மோட்டர்சைக்கிளையும் ஒண்டா ஏத்தி இழுக்கிற தட்டுப் படகு), பாலம் 2014லதான் திறந்த. கலியாணப் பேச்சுல எங்கட மாமா ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி, அங்க ஆக்கள் செருப்புப் போடுவாங்களா?

இப்ப பதினாலு வருசமா அந்தப் பாயோட ஒட்டித்தான் இருக்கன்.

10 மே 2024

அலகுக்கு வாறன். பண்பாடு எண்ட சொல்லுலேயே முதல் பிரச்சினை இருக்கு. தமிழ்ல நாம பண்பாடு எண்டா நல்லதத்தான் சொல்ற, பண்பாடான குடும்பம், பண்பாடில்லாத ஆள். சமூகவியல் அப்பிடிச் சொல்றதில்ல. 1871ல எட்வர்ட் டைலர் எண்ட இங்கிலாந்துக்காரர் சொன்னதத்தான் இன்னும் முதல் பக்கத்துல போடுவாங்க. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம், இதோட சேத்து சமூகத்துல ஒரு ஆளா இருந்து பழகிக்கிட்டது எல்லாம் சேந்த முழுசுதான் பண்பாடு எண்டார். அப்பிடிப் பாத்தா பண்பாடு இல்லாத மனிசன் எண்டு ஒருத்தனும் இல்ல. கெட்ட வார்த்தை பேசப் பழகினதும் பண்பாடுதான்.

இதுல பகிடி என்னெண்டா, இத எழுதின அதே மனிசன்தான் உலகத்து ஆக்கள எல்லாம் ஏணியில ஏத்தினதும். கீழ்ப்படி காட்டுநிலை, நடுப்படி அநாகரிகம், மேல்படி நாகரிகம். மேல்படியில ஆர் நிண்டிருப்பாங்க எண்டு நான் சொல்லத் தேவையில்ல. மறுகா அமெரிக்காவுல பிரான்ஸ் போவாஸ் எண்ட மானிடவியலாளர் வந்துதான் அந்த ஏணியப் போட்டு உடைச்சார், ஒரு கூட்டத்த அந்தக் கூட்டத்துட வரலாத்துல வச்சித்தான் பாக்கோணும் எண்டு.

ஆக நல்ல வரைவிலக்கணம் சொன்ன ஆளுக்கே பக்கச்சார்பு இருந்திருக்கு. உனக்கும் எனக்கும் இருக்காதா?

10 மே 2024, பின்னேரம்

சாப்பிடக்குள்ள ஞாபகம் வந்த. ரூம்ல ஒருநாள் நான் வாழைச்சேனைத் தயிர்ச் சட்டி ஒண்டு கொண்டு போய், சுடுசோத்துல தயிர ஊத்தி சீனியும் போட்டு கதலிப்பழத்தப் பிசைஞ்சி சாப்பிட்டுக்கிட்டு இருந்தன். அந்தப் பொடியன் வாசல்லயே நிண்டுட்டான். சோத்துல சீனியாடா? முகம் போன போக்கப் பாக்கோணும், என்னமோ நான் சோப்பத் திண்ட மாதிரி.

1906ல வில்லியம் கிரகாம் சம்னர் எண்ட அமெரிக்கச் சமூகவியலாளர் வழக்கங்கள ரெண்டாப் பிரிச்சார். மீறினா சிரிப்பாங்க, முகத்தச் சுழிப்பாங்க, அவ்வளவோட போகும் எண்டா அது சாதாரண வழக்காறு. மீறினா கோவம் வரும், ஊர் கூடும் எண்டா அது ஒழுக்க வழமை. சீனிச் சோறு முதலாவது. கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்திருக்கிற நாள்ல ஊருக்குள்ள மாட்டிறைச்சி சமைச்சிப் பாரு, அது ரெண்டாவது. தன்ட கூட்டத்த நடுவுல வச்சி மத்த எல்லாரையும் அதால அளக்கிற குணத்துக்கு இனமையவாதம் எண்டு பேர் வச்சதும் அவர்தான்.

11 மே 2024

திருத்தம். பேர் வச்சது சம்னர் இல்ல. அவருக்கு முன்னமே, 19ஆம் நூற்றாண்டுலேயே, லுட்விக் கும்ப்லோவிச் எண்ட போலந்துக்காரர் ஜேர்மன் மொழியில அந்தச் சொல்லப் பாவிச்சிருக்கார். ஆங்கிலத்துல எழுதினவன்ட பேர்தான் நிண்டது. இனமையவாதத்துக்கே இனமையவாதம் நடந்திருக்கு, இத வேணுமெண்டா பரீட்சையில எழுது, மார்க் போடுவாங்களோ தெரியா.

11 மே 2024, இரவு

இன்பொக்ஸ்ல ஒரு அக்கா நல்லாக் கிழிச்சிப்போட்டா. அவ யாழ்ப்பாணம். "தம்பி, எங்கடையிலயும் மகளுக்குத்தான் வீடு சீதனம் குடுக்கிறது, எங்கட பெடியளும் கட்டினாப் பிறகு மனுசி வீட்டிலதான் இருக்கிறவை, உங்கட பாய் விளக்கம் பிழை" எண்டு.

சரிதான். யாழ்ப்பாணத்து மரபுச் சட்டமான தேசவழமையிலயும் சீதனம் பொம்புளக்குத்தான். ஒரு வித்தியாசம் இருக்கு, அங்க கலியாணம் முடிச்ச பொம்புள தன்ட காணிய விக்க புருசன்ட எழுத்துச் சம்மதம் வேணும், இங்க அது தேவையில்ல. ஆனா நான் மேல எழுதினது அந்த வித்தியாசத்த இல்ல. அவங்க ஒரு மாதிரி, நாங்க வேற மாதிரி எண்டு நடுவுல கோடு கீறினன். பக்கச்சார்பு பத்தி எழுத வந்து அதையே செஞ்சிருக்கன். அக்காக்கு நன்றி. அந்தப் பந்திய அழிக்கல, கிடக்கட்டும்.

13 மே 2024

தம்பி எனக்கு அனுப்பின ஒப்படையில ஒரு பிழை. பண்பாட்டுச் சார்பு எண்டதையும் பண்பாட்டுச் சார்புவாதம் எண்டதையும் ஒண்டா எடுத்திருக்காய். உன்னில பிழை இல்ல, தமிழ்ல மொழிபெயர்த்த ஆக்கள்ட வேலை அது. சார்பு எண்டா ஒரு பக்கம் சாயுற. சார்புவாதம் எண்டா அந்தந்த இடத்தச் சார்ந்து வச்சி விளங்குற. நேரெதிர் ரெண்டுக்கும் ஒரே சொல். நானும் முதலாம் வருசத்துல வந்தாறுமூலைக் கம்பசுல இருந்து ஒரு தவணை முழுக்க இதத்தான் குழப்பிக்கிட்டு இருந்தன். பக்கச்சார்பு எண்டு எழுது, தப்பிடுவாய்.

16 மே 2024

மூணு நாளா இத எழுதுறதா விடுறதா எண்டு இருந்தன். நீ கேட்ட உதாரணம் என்னட்டயே ஒண்டு இருக்கு.

2005. சுனாமி வந்து நாலஞ்சு மாசம். இலங்கையில ஆகக்கூடச் செத்தது அம்பாறை மாவட்டத்துல, பத்தாயிரத்துக்கும் மேல. நான் ஏஎல் முடிச்சிட்டு சும்மா இருந்த நான், ஒரு அமைப்புல படிவம் நிரப்புற வேலைக்கு எடுத்தாங்க, படிவத்துக்கு இவ்வளவு எண்டு காசு. கல்முனைக்குத் தெக்கால கடற்கரை ஊர் ஒண்டு. கிளிப் பலகையும் நீல பேனையுமா ஒவ்வொரு வளவாப் போன நான்.

ஒரு வளவுல வீட்டுட அத்திவாரம் மட்டும் மிச்சம். அதுக்கு மேலேயே தறப்பாளக் கட்டி ஒரு அக்கா இருந்தா. சீமெந்து நிலம் அப்பிடியே இருந்த, சிவப்புச் சாயம் பூசி மினுக்கின நிலம், வாசல்படி இருந்த இடத்துல கோலம் மாதிரி ஒரு அச்சு. ரெண்டாவது கேள்வி குடும்பத் தலைவர் பெயர். அக்கா சிரிச்சிக்கிட்டே "வீடு என்ட மனே, எங்கம்மா தந்த. தலைவர் எண்டா அவர்ட பேரப் போடுங்களன்" எண்டா. புருசன்ட பேர எழுதினன். அடுத்த வளவுக்குப் போனன். அண்டைக்கு இருபத்திநாலு படிவம், இருபத்தொண்டுல ஆம்புளட பேர், புருசன் செத்த மூணு வளவுல மட்டும் யோசிச்சி யோசிச்சி பொம்புளட பேர எழுதி பக்கத்துல விதவை எண்டு போட்டன்.

மறுகா புது வீடு வந்த. வீட்டுட உறுதிப் பத்திரம், படிவத்துல இருந்த பேருக்கு. பரம்பரையா தாயிட்ட இருந்து மகளுக்கு வந்த வளவு, புது இடத்துல ஆம்புளட பேருக்கு மாறிட்டு. அந்த ஊர் மட்டும் இல்ல, கிழக்குல கன இடத்துல இது நடந்தத பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் பிறகு எழுதினாங்க. ஒருத்தரும் அந்த அக்காவ ஏசல, குறைவாப் பேசல, எல்லாரும் உதவி செய்யத்தான் வந்த. படிவத்த அடிச்சவனுக்கு தலைவர் எண்டா ஆம்புள, வீடு எண்டா அவன்ட. அது அவன்ட ஊர் வழக்கம், அவனுக்கு அது வழக்கமாவே தெரிஞ்சிருக்காது, உலகமே அப்பிடித்தான் எண்டு நெனச்சிருப்பான்.

அவன விடு. நான் இந்த மண்ணுல பிறந்தவன். எங்கட வீடு அம்மாட. அம்மாட வீடு அம்மம்மாட. பேனை என்ட கையில இருந்த.

17 மே 2024

மனிசி மேல உள்ளத வாசிச்சிட்டு ரெண்டு விசயம் சொன்னா.

ஒண்டு, அந்த அக்கா சிரிச்சா எண்டது பொய்யாம். கலியாணம் முடிச்ச புதுசுல இந்தக் கதைய சொல்லக்குள்ள, அக்கா கொஞ்ச நேரம் ஒண்டும் பேசாம நிலத்தப் பாத்துக்கிட்டு இருந்தா எண்டுதான் சொன்ன நானாம். யோசிச்சிப் பாத்தன். எது உண்மை எண்டு எனக்கே இப்ப பிடிபடுதில்ல. சிரிச்சதா ஞாபகம் இருக்கிறது எனக்கு வசதியா இருக்கு, அதனால மனிசி சொல்றதுதான் சரியா இருக்கும்.

ரெண்டாவது, "நீங்க பெரிசா கவலப்படுறீங்க, கரண்ட் பில் ஆர்ட பேர்ல வருது எண்டு பாத்தீங்களா?" எண்டா. பாத்தன். என்ட பேர்ல. வீடு அவட, உறுதி அவட, பில் என்ட. மாத்திக் குடுத்தது நான்தான், 2012ல, அவ கேக்கவும் இல்ல.

20 மே 2024

வேற ஒருத்தர் கேட்டார், இந்தத் தாய்வழி, குடி (தாய் வழியா வாற குலம்) எல்லாம் தமிழாக்கள்ட பண்பாடு எண்டு எழுதலாமா எண்டு. எழுதாத. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் ஆக்களுக்கும் அதே தாய்வழிக் குடி, அதே மகளுக்கு வீடு. கோயில நடத்துற பொறுப்புல இருக்கிற வண்ணக்கர் மாதிரி பள்ளியில குடிக்கு ஒரு மரைக்கார். டெனிஸ் மக்கில்வ்ரே எண்ட அமெரிக்க மானிடவியலாளர் 1969ல அக்கரைப்பற்றுல வந்து இருந்து இத ரெண்டு பக்கமும் ஒண்டா வச்சிப் படிச்சிருக்கார். வெக்கத்தோட சொல்றன், நான் இத அறிஞ்சது அவர் எழுதினத வாசிச்சித்தான். காத்தான்குடி எங்கட வீட்டுல இருந்து சைக்கிள்ல கால் மணித்தியாலம்.

25 மே 2024

கண்ணகை அம்மன் கோயில் குளுத்திச் சடங்கு முடிஞ்சி இண்டைக்குத்தான் நித்திரை. இந்தப் பேச்சு இழைய விட்டுப் போகுது, பரவால்ல. மாமனார் திண்ணையில இருந்து கொம்புமுறிக் கதை சொன்னார். ஊர் வடசேரி, தென்சேரி எண்டு ரெண்டாப் பிரியும். ஒரு பக்கம் கோவலன், மத்தப் பக்கம் கண்ணகி. ரெண்டு வளைஞ்ச கொம்பக் கொழுவி வடம் கட்டி இழுக்க ஆர்ட கொம்பு முறியுதோ அவன் தோல்வி. வெண்டவன் தோத்தவனப் பாட்டாலயே நாறடிப்பான், அச்சில ஏத்த ஏலாத பாட்டெல்லாம் இருக்கு, மாமனார் மெதுவா ரெண்டு வரி பாடிட்டு மாமி வாற சத்தம் கேட்டு நிப்பாட்டிட்டார்.

எனக்குப் பிடிச்சது என்னெண்டா, ரெண்டு சேரிக்கும் நடுவுல ஒரு வித்தியாசமும் இல்ல. ஒரே சாப்பாடு, ஒரே சாமி. ஆனா பிரிச்ச உடனே எங்கடவன், அவங்கடவன் எண்டு வந்திரும். அகக்குழு, புறக்குழு எண்டு சம்னர் சொன்னத இவங்க பகலும் இரவுமா விளையாடி இருக்காங்க.

2 ஜூன் 2024

ஹரோல்ட் கார்பிங்கல் எண்ட அமெரிக்கச் சமூகவியலாளர் தன்ட மாணவர்கள வீட்டுக்கு அனுப்பினார். 15 நிமிசத்துல இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு, சொந்த வீட்டுல வாடகைக்கு இருக்கிற ஆள் மாதிரி மரியாதையா நடந்துட்டு வாங்க எண்டு. குடும்பத்துக்காரங்க பயந்து போனாங்க, கோவிச்சாங்க, உனக்கு சுகமில்லையா எண்டு கேட்டாங்க. மறைஞ்சி கிடக்கிற விதி மீறினாத்தான் வெளிய தெரியும் எண்டதுதான் விசயம்.

படிக்கிற காலத்துல நானும் அம்மாட்ட செஞ்சி பாத்த நான். "அம்மா, குடிக்கத் தண்ணி கொஞ்சம் எடுக்கலாமா? மிச்சம் நன்றி." அம்மா கையால நெத்தியத் தொட்டுப் பாத்தா. "மீன்குழம்பு நல்லா இருந்த, நன்றி" எண்டன். அம்மா ஒண்டும் பேசல. பின்னேரம் பூசாரியட்டக் கூட்டிப் போய் கையில கறுப்பு நூல் கட்டிவிட்டா. ஒரு மாசம் கட்டிக்கிட்டுத் திரிஞ்சன்.

9 ஜூன் 2024

மகள் நாலாம் வகுப்பு. கடையில மாதிரி வினாத்தாள் ஒண்டு வாங்கிக் குடுத்த நான். அதுல "புகுந்த வீடு" எண்டா என்ன? புள்ள எழுதி இருக்கா, கள்ளன் புகுந்த வீடு.

ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சம். மறுகாதான் விளங்கின, அவளுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டதே இல்ல. அவட அம்மா எங்கயும் புகல, அம்மம்மாவும் புகல. புகுந்தது நான். தாள் அடிச்சவன்ட விடையில பெண் மணமாகிச் செல்லும் வீடு எண்டு கிடக்கு, அதுக்கு ரெண்டு புள்ளி, புள்ளக்கு முட்டை.

முதலாம் உலகப் போர் காலத்துல, 1917லயும் 1918லயும், அமெரிக்க இராணுவம் 17 இலட்சத்துக்கும் மேல ஆக்களுக்கு புத்திச் சோதனை வச்ச. அதுல ஒரு கேள்வி, கிரிஸ்கோ எண்டா என்ன, மருந்தா, தொத்துநீக்கியா, பல்பசையா, சாப்பாட்டுச் சாமானா? அது அங்க கடையில விக்கிற சமையல் கொழுப்பு. இத்தாலியில இருந்து வந்து இறங்கினவனுக்கு எப்பிடித் தெரியும்? புள்ளி குறைஞ்ச. கார்ல் பிரிகாம் எண்ட உளவியலாளர் அந்தப் புள்ளிகள வச்சி தெற்கு, கிழக்கு ஐரோப்பாக்காரங்களுக்கு புத்தி குறைவு எண்டு 1923ல எழுதினார். 1930ல அவரே தான் எழுதினது பிழை எண்டும் எழுதினார். ஏழு வருசம். எனக்கு அந்த இருபத்திநாலு படிவத்த ஒப்புக்கொள்ள பத்தொம்பது வருசம் போயிருக்கு.

14 ஜூன் 2024

சரி, அப்ப தாய்வழி நல்லது, படிவம் கெட்டது எண்டு நான் சொல்றனா எண்டு ஒருத்தர் கேட்டிருக்கார். இல்ல. சார்புவாதம் எண்டா முதல் விளங்கு எண்டதுதான், விளங்கினதெல்லாம் நல்லது எண்டு இல்ல.

என்ட கூட்டாளி ஒருத்தன் கட்டார்ல. நாலு தங்கச்சி. நாலு பேருக்கும் நாலு வீடு கட்டோணும், சின்னனோ பெரிசோ வீடு இல்லாம இங்க கலியாணம் நடக்காது. பதினாறு வருசமாச்சு, மூணு முடிஞ்சி, நாலாவது லிண்டல் மட்டத்துல நிக்குது. அவனுக்கு நாப்பத்தொண்டு, இன்னும் கட்டல. பொம்புளக்கு வீடு இருக்கிறது எவ்வளவு பெரிய பலம் எண்டு நான் கூட்டத்துல பேசுறத இவன் கேட்டா என்ன சொல்லுவான்? அவன்ட தங்கச்சிமார்கிட்டக் கேட்டா வேற சொல்லுவாங்க. புருசன் அடிச்சா பெட்டியத் தூக்கி வெளிய வைக்க ஏலுமான வீடு அது. அப்பிடி வச்ச ஒருத்தியும் எனக்குத் தெரியும். உறுதி தன்ட பேர்ல இருக்க, அண்ணனும் மாமாவும் பேசி அவன்ட கடனுக்கு ஈடு வைக்கச் சொல்லி கையெழுத்துப் போட்டவளும் தெரியும்.

சும்மா பெருமைக்கு எழுதாத எண்டுதான் சொல்றன். நம்மட வழக்கத்தத் தூக்கி வச்சி ஆடுறதும் அந்த ஏணிதான், தலைகீழாப் பிடிச்சிருக்கிறம்.

15 ஜூன் 2024

தம்பி ஒப்படை குடுத்துட்டானாம். பாய்க் கதையத்தான் எழுதி இருக்கான். படிவக் கதைய விட்டுட்டான், "அது பக்கச்சார்பு மாதிரித் தெரியல அண்ணன், சாதாரணமா இருக்கு" எண்டான். நான் ஒண்டும் சொல்லல.

3 நவம்பர் 2024

இழை செத்துக் கிடக்கு, தெரியும். எண்டாலும் இத எழுதாம இருக்க ஏலாது.

காலையில கணக்கெடுப்புக்கு ஒரு தம்பி வந்தான். கையில டப்லெட். இருபது இருபத்தொரு வயசு இருக்கும், செருப்பக் கழட்டிட்டு ஏறினான், தண்ணி குடிச்சான். குடும்பத் தலைவர் ஆர் எண்டு கேட்டான். இந்த நாளுக்குத்தானே பத்தொம்பது வருசமா இருந்தன், நெஞ்ச நிமித்தி மனிசிட பேரச் சொன்னன். தம்பி விரல மேல வச்சிக்கிட்டு என்னப் பாத்தான். "நீங்க வீட்டுல இல்லையா அண்ணன்? வெளிநாடா?"

குசினியில இருந்து மனிசிட சத்தம். "அவர்ட பேரப் போடுங்க தம்பி. நாளைக்கு ஏதும் பிரச்சினை எண்டா ஆர் அலையுற கந்தோர் கந்தோரா?"

தம்பி என்ட பேரத் தட்டினான்.